தேங்காயெண்ணெய் போட்ட துவக்கு

வாயைத் திறந்து சொன்ன பொய்யிலிருந்து எப்படியாவது தப்பலாம். வாயை மூடிக்கொண்டு சொன்ன பொய்யிலிருந்து தப்ப முடியாது. நான் பத்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவன்.

ஊரைவிட்டு ஓடிவந்து குடியேறிய இந்த நாட்டில், நியூ லின் என்ற இடத்தில், எனக்கு ஒரு கார் பட்டறையில் வேலை. அடிபட்டு வரும் கார்களின் நெளிவு எடுப்பது. சேர்ந்த முதல் வாரமே எங்களை மேய்க்கும் போர்மன் புரூஸ் எந்த நாடு என்று கேட்டான். இலங்கை, தமிழன் என்றேன். "அங்கே சண்டை நடந்ததே, அப்போ நீயும்..." என்று இழுத்தான். நான் பதில் சொல்லாமல் சுத்தியலை எடுத்து ஒரு கார்க் கதவை அடித்தேன். (கதவு நெளிந்திருந்தது. அதனால் அடித்தேன். வேறு காரணம் இல்லை.) அன்றிலிருந்து எனக்கு அங்கே ஒரு மரியாதை. என் மீன்குழம்பைப் பார்த்து ஒருவனும் மூக்கைப் பொத்தவில்லை.

உண்மை என்னவென்றால், ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் முதலில் கட்டிலுக்குக் கீழே போகிறவன் நான். துவக்கைத் தொட்டதே கிடையாது.

புரூஸ் வேட்டைக்குப் போகிறவன். உன்னிடம் துவக்கு இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டான். இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். "லைசென்ஸுக்குப் போட்டிருக்கிறேன்" என்றேன். பிறகு போட வேண்டியதாகிவிட்டது.

பொலிஸ் வீட்டுக்கு வந்து என் மனைவி சாந்தியைத் தனியாக விசாரித்தது. இவர் கோபக்காரரா என்று கேட்டிருக்கிறார்கள். "ஓம், எல்லாத்துக்கும் கோபம். கத்துவார். பிறகு தேத்தண்ணி கேப்பார்" என்று சொல்லியிருக்கிறாள். அதை எழுதிக்கொண்டு போய் லைசென்ஸ் தந்துவிட்டார்கள். இதற்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

என்னிடம் அவள் சொன்னது வேறு. "துவக்குக்குப் பயந்துதான் இவ்வளவு தூரம் ஓடிவந்தனாங்கள். நீங்கள் அதைக் காசு குடுத்து வாங்கப் போறியள். வாங்குங்கோ. ஆனா அந்த மணம் இந்த வீட்டுக்குள்ள வரப்படாது."

எந்த மணம் என்று நான் கேட்கவில்லை. சோதனைச் சாவடியில் ஆமிக்காரனுக்குப் பக்கத்தில் அடையாள அட்டையோடு நின்றவர்களுக்கு அது தெரியும். துவக்குக்குப் போடும் எண்ணெயின் மணம்.

நான் வாங்கியது பழைய ரஷ்ய இராணுவத் துவக்கு. என்னைவிட வயது கூடியது. ஒருமுறை சுட்டால் அடுத்த ரவை தானாக ஏறும் வகை. (அப்போது அது சட்டப்படி வைத்திருக்கக்கூடிய சாமான்.) துருப்பிடிக்காமலிருக்க மண்ணிறக் கிறீஸுக்குள் முக்கி வைத்திருந்தார்கள். ஜனவரியில் எங்கள் வீட்டுக் கராஜில் அதைப் பாகம் பாகமாகக் கழற்றி, கொதிதண்ணீர் ஊற்றி மூன்று நாள் தேய்த்தேன். இனி எண்ணெய் பூச வேண்டும். பட்டறையில் நல்ல ஓயில் டின் டின்னாகக் கிடக்கிறது. ஆனால் மணம்?

குளியலறைக்குப் போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தேன்.

அது ஜனவரி, இங்கே கோடை. எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடியது. தோசைக்கல்லுக்கு விடுவது போல எல்லா இடுக்கிலும் விட்டேன். அந்த வாரமே சுடுதளத்துக்குக் கொண்டுபோய்ப் பத்துத் தரம் சுட்டேன். ஒன்று என் இலக்கு அட்டையில் பட்டது. இரண்டு பக்கத்து ஆளின் அட்டையில் பட்டன. துவக்கில் ஒரு குறையும் இல்லை.

இந்த நாட்டுக் குளிர்காலங்களில் அதே போத்தலைச் சுடுதண்ணீருக்குள் வைத்து உருக்கித் தலைக்குப் பூசுகிறவன்தான் நான். அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். மறக்கவில்லை. தலை வேறு, துவக்கு வேறு என்று நினைத்தேன்.

ஜூலையில் புரூஸ் கைபரா பக்கம் உள்ள தன் தமையனின் பண்ணைக்குக் காட்டாடு சுடக் கூப்பிட்டான். பட்டறையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். முதல் சூடு நான்தான் என்று வழியிலேயே முடிவாகிவிட்டது. புல்லில் உறைபனி. சரிவில் ஏழு ஆடுகள். நான் துவக்கை எடுத்து, பத்து வருட மரியாதையோடு போல்ட்டை, அதாவது ரவையை உள்ளே தள்ளும் இரும்பை, பின்னால் இழுத்தேன்.

அரைவாசி வந்து நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கையால் குத்தினேன். இடுக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ பிதுங்கியது. ஆடுகள் ஓடவில்லை. நின்று பார்த்தன.

புரூஸ் அதை விரலால் வழித்தான். முகர்ந்தான். நாக்கில் வைத்தான்.

"தேங்காய்" என்றான்.

மற்ற இருவரும் கையை நீட்டினார்கள். கோயில் பிரசாதம் மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் போனது. இதை ஏன் போட்டாய் என்று புரூஸ் கேட்டான். மனைவிக்குத் துவக்கு மணம் ஆகாது என்றேன். ஒரு உண்மை வெளியே வந்ததும் மற்றதும் பின்னாலேயே வந்துவிட்டது.

"நான் சண்டையில் இருந்தவன் இல்லை. கட்டிலுக்குக் கீழே இருந்தவன்."

புரூஸ் விரலைக் காற்சட்டையில் துடைத்தான்.

"தெரியும். நீ வந்த இரண்டாம் மாதம் பட்டறையில் ஒரு டயர் வெடித்தது. நாங்கள்தான் உன்னை லொறிக்குக் கீழே இருந்து இழுத்து எடுத்தோம்."

(விழுந்த நட் ஒன்றைத் தேடுவதாக அன்று சொல்லியிருந்தேன். நம்பிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.)

"அப்போ ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?"

"நீ கோபப்படுவாய்."

துவக்கைக் கார் ஹீட்டருக்கு முன்னால் அரை மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் உருகி என் காற்சட்டையில் இறங்கியது. அதற்குள் ஆடுகளுக்கு அலுத்துப் போய்விட்டது. ஒரு பழைய பெயின்ட் டின்னை வைத்துச் சுட்டேன். படவில்லை. ஆனால் சூடேறிய இரும்பிலிருந்து புகை வந்தது, பொரியல் சட்டி மணத்தோடு. நான்கு பேருக்கும் பசி எடுத்தது. சாந்தி கட்டித் தந்த புட்டையும் மீன்குழம்பையும் நான்கு பேரும் சாப்பிட்டோம். அடுத்த முறையும் கூப்பிட்டார்கள். துவக்கு வேண்டாம், சாப்பாடு கொண்டு வா என்றார்கள்.

அடுத்த வருடம் சட்டம் மாறியது, ரவை தானாக ஏறும் துவக்குகளையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை ஒருவன் அப்படிப்பட்ட துவக்குகளால் சுட்டுக் கொன்றான், அதனால் மாறியது என்று எல்லோருக்கும் தெரியும். அதில் பகிடிக்கு இடமில்லை. மாறியது சரி. துவக்கை ஒப்படைக்க ஒரு மண்டபத்துக்குப் போனேன், சாந்தியும் கூட வந்தாள். கடைசிவரை நான் அதற்குத் தேங்காயெண்ணெயைத் தவிர வேறு எதையும் போடவில்லை. பெண் பொலிஸ் ஒருவர் அதைத் திறந்து பார்த்தார். குனிந்தார். முகர்ந்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் முகர்ந்தார்.

சாந்தி என் காதருகில் வந்தாள். "துவக்குக்குப் பக்கத்தில நிண்டு எனக்குப் பசிக்கிறது இதுதான் முதல்தரம்" என்றாள்.

இப்போதும் ஜூன் பிறந்து குளியலறையில் போத்தலுக்குள் எண்ணெய் இறுகினால், இங்கே பிறந்த என் மகள் அங்கிருந்தே, "அப்பா, யுவர் கன் இஸ் ஜாம்ட்" என்பாள். சாந்தி குசினியில் சிரிப்பாள். எனக்குக் கோபம் வரும். கத்துவேன். பிறகு தேத்தண்ணி கேட்பேன்.