ஓனரின் கடைசி வெள்ளைக் காயின்

எனக்குக் குடி, சிகரெட், வெற்றிலை பாக்கு என்று எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. ஒன்றே ஒன்றுதான் உண்டு. எந்த விளையாட்டைப் பார்த்தாலும் அதைப் பற்றிக் கருத்து சொல்லிவிடுவேன். கேட்டால்தான் சொல்வேன் என்றும் இல்லை. (கேட்காவிட்டால் இன்னும் விரிவாகச் சொல்வேன்.)

பரமபதத்தை விளையாட்டு என்றே நான் ஒப்புக்கொள்வதில்லை. ஏணியும் பாம்பும் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும்போது நமக்கு அங்கே என்ன வேலை? ஊர் ஊராக விலைக்கு வாங்கி வீடு கட்டும் அந்த அட்டை ஆட்டம் இருக்கிறதே, அதை இதுவரை யாரும் முழுதாக ஆடி முடித்ததில்லை. ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவதுதான் அதன் முடிவு. பட்டன் ஃபோனில் வந்த பாம்பு ஆட்டம் மட்டும் நேர்மையானது. செத்தால் அது நம் தப்பு, வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. தாம்பரம்–பீச் ரயிலில் சூட்கேஸை நாலு பேர் முழங்கால் மேல் வைத்துச் சீட்டாடும் கோஷ்டிக்குப் பின்னால் நின்று, "அந்த ஜோக்கரை இறக்கியிருக்கக் கூடாது சார்" என்று சொன்னதற்காக, கிண்டியில் இறங்க வேண்டிய நான் குரோம்பேட்டையிலேயே இறங்க நேர்ந்திருக்கிறது.

ரயிலோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்த வாயால் கல்யாணமான ஒன்றரை வருஷத்தில் இரண்டு வாடகை வீடுகள் போயின.

முதல் வீடு கோவிலம்பாக்கத்தில். ஓனரின் மனைவி ஒரு மத்தியானம் தாயம் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு வெட்டு கூடப் போடாமல் காயை உள்ளே கொண்டுபோய்ப் பழமாக்கினார். நான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவன் சும்மா போயிருக்கலாம். "அக்கா, ஒரு வெட்டாவது வெட்டாம உள்ள போகக்கூடாதுக்கா. ரூல் இருக்கு" என்றேன். அடுத்த வாரமே அவர்களுடைய சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து நிரந்தரமாக வருவதாகவும், எங்கள் போர்ஷன் அவர்களுக்குத் தேவைப்படுவதாகவும் தகவல் வந்தது. (ஹவுஸ் ஓனர்கள் எல்லோருக்கும் வீட்டைக் காலி செய்ய வைப்பதற்கென்றே சில சொந்தக்காரர்கள் உண்டு.) இரண்டாவது வீடு மேடவாக்கத்தில். ஓனரின் பையன் ஃபோன் பாம்பு ஆட்டத்தில் தான் எடுத்த ஸ்கோரைத் தெருவுக்கே காட்டிக்கொண்டிருந்தான். அந்த ஃபோனை வாங்கி, பத்தே நிமிஷத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு எடுத்து, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தேன். அங்கேயும் சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

மூன்றாவது வீடு சிட்லபாக்கம். மினி வேனில் சாமான்களை ஏற்றிவிட்டு, சுருட்டிக் கட்டிய மெத்தை மேல் உட்கார்ந்துகொண்டு என் மனைவி சுமதி பேசினாள். அவள் அப்போது மூன்று மாதம்.

"இதோ பாருங்க. இன்னொரு தடவை பாத்திரத்தை மூட்டை கட்ட என் உடம்புல தெம்பு இல்ல. இந்த வீட்டையும் உங்க வாயால காலி பண்ண வெச்சீங்கன்னா, நான் நேரா திருச்சிக்கு பஸ் ஏறிடுவேன். குழந்தை பொறந்து நடக்க ஆரம்பிச்சப்புறம்தான் வருவேன். நீங்க உங்க ரூல் புக்கோட குடித்தனம் நடத்துங்க."

சுமதி சும்மா மிரட்டுகிறவள் அல்ல. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இனி எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று வேனிலேயே சத்தியம் செய்தேன்.

புது ஓனர் ஏகாம்பரம் அந்த ஊரின் மண்ணின் மைந்தர். அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது நான்கு போர்ஷன்கள் நின்றன. தங்கமான மனிதர். கலர் லுங்கியும் கை வைத்த பனியனுமாக வந்து, எங்கள் சாமான்களை அவரே இறக்கிக் கொடுத்தார். "தங்கச்சி, நீ குந்திக்கினு இரும்மா. மாசமா கீற பொண்ணு, தூக்காதே" என்று சுமதிக்கு நாற்காலி போட்டார். சுமதிக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் மாடியில் எங்கள் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த ராகவன் சார் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். ரிட்டயர் ஆன அரசாங்க உத்தியோகஸ்தர். பேசுவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்.

"கேரம் ஆடுவீங்களா சார்?"

சத்தியம் செய்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. "ஆடுவேன் சார். ஆனா கட்டை விரலால சுண்டறதை நான் ஒத்துக்க மாட்டேன். அப்புறம் ரெட்டுக்கு ஃபாலோ போடறப்ப..."

"அதெல்லாம் இருக்கட்டும். இங்க ஒரே ரூல்தான். ஓனர் ஜெயிப்பார்."

"எப்பவுமா?"

"பதினோரு வருஷமா. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு கார் ஷெட்ல போர்டு போடுவார். குடித்தனக்காரங்க ஆளுக்கொரு ஆட்டம் ஆடணும், தோக்கணும், 'உங்க கை ராசியே தனி'ன்னு சொல்லிட்டு வரணும். மோட்டார் ஸ்விட்ச் அவர் வீட்டுக்குள்ள இருக்கு. புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. அந்தக் கோடையில் தண்ணீர் என்பது காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. மோட்டார் ஓடினால் பக்கெட் நிறையும். ஓடாவிட்டால் கை பம்பில் வரிசையில் நிற்க வேண்டும்.

தோற்பதுதானே? ஜெயிப்பதுதான் கஷ்டம், தோற்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். வாழ்க்கையில் நான் வைத்திருந்த விளையாட்டுக் கருத்துகளிலேயே மகா முட்டாள்தனமான கருத்து அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை. கார் இல்லாத கார் ஷெட்டில், கவிழ்த்து வைத்த தண்ணீர் டிரம்மின் மேல் போர்டு. ஓனர் எப்போதும் வெள்ளைதான். ராகவன் சார் பக்கத்தில் நின்று பவுடர் போட்டார். நான் ஒழுங்காகவே தோற்றுக்கொண்டிருந்தேன். ஸ்டிரைக்கரை இரண்டு முறை பாக்கெட்டுக்குள் விட்டு ஃபைன் கட்டினேன். ரெட்டை எடுத்துவிட்டு, அடுத்துப் போட்டே ஆக வேண்டிய ஃபாலோ காயினைக் கோட்டை விட்டேன். ஓனர் குஷியாகிவிட்டார். "தம்பி, கை நடுங்குது பார். வுடு, போகப் போக வந்துடும்" என்று தைரியம் சொன்னார்.

கடைசியில் போர்டில் இரண்டே காயின்கள். என் கறுப்பு, பாக்கெட்டின் வாயில் விழுந்துவிடட்டுமா என்று நின்றுகொண்டிருந்தது. ஓனரின் கடைசி வெள்ளை, என் பக்கத்துக் கட்டையை ஒட்டி, எந்தக் கோணத்திலும் அடிக்க முடியாத இடத்தில் ஒளிந்திருந்தது. ஆட்டம் என்னுடையது.

சாதாரண மனிதன் என்ன செய்வான்? கையை லேசாக நகர்த்தி, கறுப்பை உரசாமல் விட்டுவிட்டு, 'ஐயையோ' என்பான். என் மூளை அப்படிப் போகவில்லை. எதிராளியின் கடைசிக் காயினை நாமே போட்டுவிட்டால் ஆட்டம் எதிராளிக்கு என்பது ரூல். ஆகவே வெள்ளையைப் போட்டுத் தோற்கலாமே என்று தோன்றியது. அதுவும் அந்த வெள்ளை! இடது கட்டையில் ஒரு தட்டு, எதிர்க் கட்டையில் ஒரு தட்டு, வலது கட்டையில் ஒரு தட்டு, அப்புறம் அது. எந்தப் போட்டியிலும் நான் பார்க்காத ஷாட். சுண்டினேன்.

ஸ்டிரைக்கர் மூன்று பக்கமும் போய் வந்தது. வெள்ளை மெதுவாக நகர்ந்து, நிதானமாகப் பாக்கெட்டில் விழுந்தது.

"யெஸ்!" என்று நான் முஷ்டியை உயர்த்தினேன்.

ஓனர் போர்டைப் பார்த்தார். வாயில் நின்ற கறுப்பைப் பார்த்தார். உயர்ந்திருந்த என் முஷ்டியைப் பார்த்தார்.

"தம்பி, கறுப்பு வாய்ல குந்திகினு கீது. ஊதினா உள்ள போவும். அத்த வுட்டுட்டு, மூணு கட்டையில இட்சி, என் காயினப் போட்டுட்டு, எஸ்சுன்ற. இன்னாத்துக்கு?"

"இல்ல சார்... கை தவறி..."

"கை தவறி மூணு கட்டையா? எனுக்கு இன்னா காதுல பூவா வெச்சிகீது?" என்றவர் ராகவன் சார் பக்கம் திரும்பினார். "சார், நீ பெரிய மனுசன். பொய் சொல்ல மாட்ட. நீ ஆடறதும் இப்டித்தானா?"

ராகவன் சார் இரண்டு பக்கமும் பார்த்தார். உதவிக்கு யாரும் வரவில்லை. பவுடர் டப்பாவையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப பதினோரு வருசமா?" என்றார் ஓனர். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அப்பாவியாகக் கேட்டார்.

"குந்து. இப்ப மெய்யாலுமே ஆடு" என்று மறுபடி காயின்களை அடுக்கினார். ஆடினேன். அவர் ஒரு காயின் கூடப் போடவில்லை. பிறகு ராகவன் சாரை உட்கார வைத்தார். ராகவன் சாரும் பதினோரு வருஷத் தாகத்தைத் தீர்த்துக்கொள்வதுபோல் வெளுத்து வாங்கினார். (நான் அவரிடம் அதை எதிர்பார்க்கவில்லை.) ஓனர் எழுந்து போர்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மோட்டார் ஓடவில்லை. மறுநாள் காலையும் ஓடவில்லை. பழிவாங்கியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மனிதர் துக்கத்தில் மோட்டார் போடவே மறந்துவிட்டார். கதவைத் தட்டினால், "ஆங், போடறேன்" என்று உள்ளிருந்து குரல் வரும், அவ்வளவுதான். நான்கு குடித்தனமும் குடத்தோடு கை பம்பில் நின்றது. வரிசையில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "நல்லா இருந்த வீட்டுல இப்படி ஒரு புண்ணியவான் வந்து சேர்ந்தாரே" என்று ராகவன் சாரின் மனைவி காற்றிடம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை சுமதிக்கு முழுக் கதையும் தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. பரண் மேலிருந்த சூட்கேஸை இறக்கச் சொன்னாள்.

"சுமதி, நான் தோக்கத்தான் பாத்தேன். சத்தியமா."

"உங்களுக்குத் தோக்கறதுல கூட கை தட்டல் வேணும். அதான் உங்க வியாதி."

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது எனக்கு. அதைப் பார்த்தோ என்னவோ, சூட்கேஸைத் திறந்தவள் மூடினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று கீழே இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணா, வெளிய வாங்க" என்று ஓனரின் கதவைத் தட்டினாள். அவர் இரண்டு நாள் தாடியோடு வந்தார். "உங்க கேரம் போர்டை எடுங்க. நான் ஆடறேன்."

"வேணாம்மா. எல்லாம் சும்மா வுட்டுக் குடுக்கறீங்கோ."

"விட்டுக் குடுக்கறதா? நானா? தண்ணி இல்லாம ரெண்டு நாளா குடம் தூக்கற ஆத்திரத்துல இருக்கேன். உங்களைத் தோக்கடிச்சாத்தான் எனக்கு மனசு ஆறும். அஞ்சாங்கிளாஸ் லீவுல ஆடினது, ஆனாலும் பாத்துக்கறேன்."

போர்டு மறுபடி டிரம்மின் மேல் ஏறியது. சுமதி ஸ்டிரைக்கரைப் பிடித்த விதமே தப்பு. நான் வாயைத் திறந்தேன். "நீங்க பேசாம பவுடர் போடுங்க" என்றாள். போட்டேன்.

முதல் ஆட்டம் எப்படியோ தட்டுத் தடுமாறி சுமதி ஜெயித்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் ஓனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது ஆட்டத்தில் அவர் ஜெயித்தார். சுமதி விடவில்லை. "அண்ணா, முழங்கை உள்ள வந்துச்சு. அழுகுணி ஆட்டம் ஆடாதீங்க!" என்று சண்டைக்குப் போனாள். "யார்மா அழுகுணி? நீ ரெட்ட ரெண்டு தபா தொட்ட!" என்று அவரும் எகிறினார். மாடியிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது ஆட்டம் ஆளுக்கு ஒரு காயின் என்ற நிலைக்கு வந்தது. சுமதி அடித்தது மயிரிழையில் தவறியது. ஓனர் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டு அடித்தார். விழுந்தது.

"பாத்தியா! பாத்தியா! இது மெய்யான ஆட்டம்!" என்று ஓனர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். சுமதி ஸ்டிரைக்கரை டொக்கென்று போர்டில் போட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துக்கறேன்" என்றாள். ஐந்து நிமிஷத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. நாலு வீட்டிலும் பக்கெட் உருளும் சத்தமும் கேட்டது.

அந்த வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தோம். சொந்தக்காரர்கள் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுமதியும் ஓனரும் ஆடுவார்கள். நாலு ஆட்டத்தில் ஒன்றை அவள் ஜெயிப்பாள், மூன்றை அவர் ஜெயிப்பார், நாலுக்கும் சண்டை நடக்கும். பையனுக்குக் காது குத்தியபோது தாய்மாமனுக்குப் பக்கத்தில் அவர்தான் உட்கார்ந்தார். நான் போர்டைத் தொடக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே கண்டிஷன். ஒன்பது வருஷமும் பவுடர்தான் போட்டேன்.

சொந்த ஃபிளாட்டுக்கு வந்தபிறகு, பையனுக்கு ஒரு கேரம் போர்டு வாங்கினோம். ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தபோது அம்மாவும் பிள்ளையும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுமதி பேப்பர் படித்துக்கொண்டே, பாதி கவனத்தில், ஸ்டிரைக்கரை இரண்டு விரலால் சரியாகப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாகப் போட்டாள். ஐந்தாவது ரெட். ஆறாவது ஃபாலோ.

"அம்மா ஹாஸ்டல்ல நாலு வருஷம் சாம்பியனாம்ப்பா" என்றான் பையன்.

அந்த மூன்றாவது ஆட்டம், மயிரிழையில் தவறிய அந்த அடி, அந்த அழுகுணிச் சண்டை எல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன.

"சுமதி... அப்போ ஏகாம்பரம் அண்ணாகிட்ட... ஒன்பது வருஷமா?"

அவள் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினாள்.

"நீங்க பேசாம பவுடர் போடுங்க."