அடிதடி ஒழிந்த வரலாறு

தென்னாற்காடு ஜில்லாவின் கல்வி வரலாற்றைப் பொன்னெழுத்தில் பொறிக்க யாராவது உட்கார்ந்தால், முதல் பக்கத்தைத் திண்டிவனத்துத் தலைமையாசிரியர் தேவநாதனுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். எல்லையில் வந்து நின்ற சீனாக்காரனை என்ன செய்வதென்று டில்லியே விழித்துக்கொண்டிருந்த 1962ஆம் வருஷத்தில், எட்டாம் வகுப்பில் பூரண அமைதியை நிலைநாட்டியவர் அவர். பிள்ளையைப் பிள்ளை அடிக்கும் வழக்கத்தை வேரோடு பிடுங்கி எறிந்தவர். எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

அந்த வகுப்பில் சீனுவாசன் என்றொரு பையன். அவன் அப்பா வேங்கடேசனுக்கு மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம். பள்ளிக்கூடத்துக்குத் தாளாளரும் அவரே. புதுக் கட்டடத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்த புண்ணியவான். பையனுக்கோ கை சும்மா இருக்காது. அந்தக் கை பெரும்பாலும் போய் விழுந்த இடம் சிங்காரத்தின் முதுகு. மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து வந்து, சித்தி வீட்டில் தங்கிப் படித்த பையன் அவன். தாளாளர் மகன் அடிப்பதை 'அடி' என்று சொல்வது மரியாதையா? 'மாணவரிடையே நெருக்கமான பழக்கம்' என்றே ஆசிரியர்கள் சொல்லி வந்தார்கள்.

இந்த நிலையில்தான் விழுப்புரத்தில் 'குழந்தை மனோதத்துவ'ப் பயிற்சி முகாம் கூடியது. தேவநாதன் போனார். மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு. அது முடிந்த கையோடு சொற்பொழிவு. 'முரட்டுப் பிள்ளைக்குப் பொறுப்பைக் கொடுங்கள்' என்று பேச்சாளர் ஆரம்பித்தது அவர் காதில் கணீரென்று விழுந்தது. அதற்கப்புறம் பாயசம் தன் வேலையைக் காட்டிவிட்டது. கைத்தட்டலில்தான் விழித்தார். நடுவில் பேச்சாளர் என்ன சொன்னாரோ, அது அவருக்கும் பாயசத்துக்கும்தான் வெளிச்சம். ஆனாலும் சாரத்தைப் பிடித்துவிட்டோம் என்ற நிறைவோடு பஸ் ஏறினார்.

மறுநாளே சீனுவாசன் வகுப்புச் சட்டாம்பிள்ளை ஆனான். கையில் பிரம்பு வந்தது. கூடவே நிர்வாகச் சீர்திருத்தம் ஒன்றும் வந்தது: எந்தப் புகாரானாலும் சட்டாம்பிள்ளை வழியாகத்தான் தலைமையாசிரியர் அறைக்கு வரவேண்டும். அடேயப்பா, என்ன பலன்! அடித்தான் பிடித்தான் என்ற பேச்சே அந்த அறைக்குள் நுழையவில்லை. வந்ததெல்லாம் வேறு மாதிரிப் புகார்.

“சார், சிங்காரம் வகுப்புல அழுதுக்கினே இருக்கான் சார். பாடம் கெடுது.”

பொறுப்பு வந்ததும் பிள்ளைக்குப் படிப்பில் எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று தேவநாதன் பூரித்துப் போனார். சிங்காரத்தைக் கூப்பிட்டு, அழுகை ஒழுங்கீனம் என்று எடுத்துச் சொல்லிப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தார்.

சங்கதி குப்பத்துக்கு எட்டியது. சிங்காரத்தின் அம்மா அஞ்சம்மாள் கருவாட்டுக் கூடையைச் சந்தையில் இறக்கிவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். உடனே கமிட்டி கூடியது. தாளாளர் தலைமை வகித்தார். விசாரணை துருவித் துருவி நடந்தது. சோற்றில் கருவாடு இருப்பதால் சக மாணவர்களுக்கு 'உணர்ச்சி' தூண்டப்படுகிறது என்று கண்டுபிடித்தார்கள். இனிமேல் மோர்சோறு என்று தீர்மானம். அஞ்சம்மாள் தலையாட்டினாள். பையன் மோர்சோறு கொண்டுவந்தான்; உதையும் வாங்கினான். அடுத்த கூட்டத்தில் அவன் மண்டித் தெரு வழியாக வரக்கூடாது என்றார்கள். ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தான். அதற்கடுத்து, திருப்பி முறைப்பதுதான் காரணம் என்றார்கள். பாவம், தரையைப் பார்த்தே நடந்து பழகினான். சவுரியம்மாள் டீச்சர் மட்டும் வாயைத் திறந்து, அடிக்கிற பையனையும் ஒரு தடவை கூப்பிட்டு விசாரிக்கலாமே என்றார். அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று தேவநாதன் பண்போடு சுட்டிக்காட்டினார்.

தரையைப் பார்த்து நடந்தவனைக் குழாயடிப் படியில் பின்னாலிருந்து தள்ளினால் என்ன ஆகும்? வலது கை முறிந்தது. அரையாண்டுப் பரீட்சைக்கு இன்னும் இரண்டே நாள்.

மாவுக்கட்டோடு பையனைக் கூட்டிக்கொண்டு அஞ்சம்மாள் மறுபடியும் வந்தாள். அவள் கூச்சல் போடவில்லை. அங்கே இருந்த தாளாளர் முகத்தையும் பார்க்கவில்லை.

“எங்க குப்பத்துல எட்டாவது வரைக்கும் வந்தது இவன் ஒருத்தன்தாங்க. இவனும் படிப்ப வுட்டுட்டு வந்துட்டா, அடுத்து எந்தப் புள்ளையையும் அனுப்ப மாட்டாங்க. சோத்த மாத்தச் சொன்னீங்க, மாத்தனேன். வழிய மாத்தச் சொன்னீங்க, மாத்தனேன். அழாதன்னு நானே இவன அடிச்சேங்க. எல்லாத்தையும் எம் புள்ளைக்கே சொன்னீங்களே, அந்தப் புள்ளைகிட்ட ‘அடிக்காத’ன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொன்னீங்களா?”

தேவநாதனுக்குச் சுருக்கென்றது. அதை மறைப்பானேன்? அவரும் இரண்டு பிள்ளை பெற்றவர்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் கூட எடுத்தார். ஆனால் எதிரே தாளாளர் உட்கார்ந்திருந்தார். தலைக்குமேல் அவர் போட்ட ஓடு இருந்தது. எனவே தொண்டையைச் செருமிக்கொண்டு, கை குணமாகும்வரை பையன் வீட்டில் ஓய்வெடுப்பது நல்லது என்றும், அதற்கப்புறமும் கடற்காற்றே அவன் உடம்புக்கு உகந்தது என்றும் எடுத்துரைத்தார்.

அஞ்சம்மாள் மகனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு மரக்காணம் பஸ்ஸுக்கு நடந்தாள். சிங்காரம் அப்புறம் வரவேயில்லை. அம்மா பயந்தபடியே அந்தக் குப்பத்திலிருந்து வேறு எந்தப் பிள்ளையும் வரவில்லை.

அதிசயம் என்னவென்றால், அன்றிலிருந்து எட்டாம் வகுப்பில் அழுகைப் புகாரே கிடையாது. ஆண்டு இறுதியில் விழுப்புரத்தில் தலைமையாசிரியர் மாநாடு கூட்டி, தேவநாதனுக்கு ரோஜா மாலை போட்டார்கள். அவரும் தமது 'முறை'யை அரைமணி நேரம் விளக்கினார். அடிபடும் மாணவனைச் சூழலிலிருந்து அகற்றிவிட்டால் அடிதடி தானாகவே அற்றுப்போகும் என்று அவர் முடித்தபோது கூரை அதிரக் கைத்தட்டல்.

கடைசி வரிசையிலிருந்து வயதான தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்காரர். உண்மையிலேயே வழி தெரியாமல்தான் கேட்டார்.

“எங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தன் வகுப்பு முழுக்க எல்லாரையும் அடிக்கறான். உங்க முறைப்படி அடிபடற புள்ளைங்கள ஒவ்வொண்ணா வீட்டுக்கு அனுப்பிக்கினே வந்தா, கடைசியில நாம யாருக்குங்க பள்ளிக்கூடம் நடத்தறது?”

தேவநாதன் மாலையைச் சரிசெய்துகொண்டார். இதில் என்ன சந்தேகம் என்பதுபோல அந்தப் பெரியவரைப் பரிவோடு பார்த்தார்.

“ஏன், அடிக்கிற பையன் தவறாம வர்றானே, அவனுக்குத்தான்.”