எட்டாம் வருகையின் காலிக் கட்டம் குறித்து

மதிப்பிற்குரிய புள்ளியியலாளர் அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் படிவங்களில் ‘பங்கேற்பாளர் 41’ என்றும், நான் மெய்ப்புத் திருத்தும் அச்சகத்தில் ‘முற்றுப்புள்ளி’ என்றும் வழங்கப்படும் நான், செவிலியர் மேல் குற்றமில்லை என்று நிறுவவே இதை எழுதுகிறேன். அவர் வேலை நிலைப்பது என் விளக்கத்தைப் பொறுத்தது என்கிறார்கள். மூன்று வரியில் கேட்டிருந்தீர்கள்; வரியின் நீளத்தைத் தாங்கள் வரையறுக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகப் பன்னிரண்டு தடவை ரத்த அழுத்தம் பார்க்கும் தங்கள் மருந்துச் சோதனைக்கு ஏழு முறை ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்த நான், எட்டாம் முறை அலுவலக லிஃப்டில் சிக்கி, விடுபட்டு ஓடி, பேருந்தில் குடையை விட்டு, குடைக்காகத் திரும்பி, மருத்துவமனையை அடைந்தபோது கருவியைப் பூட்டி வைத்திருக்கக் கண்டேன். படிவத்தில் என் எண்ணுக்கு நேரே ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக, விட்டுப்போன எழுத்தை நிரப்பியே வயிறு வளர்த்தவன் அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? “சிஸ்டர், போன தடவை எழுதினதையே எழுதிடுங்க. அதே ஆள்தானே நான்?” என்றேன். “அதெல்லாம் கூடாது சார்” என்று இருமுறை மறுத்தார். மூன்றாம் முறை என் தொல்லை தாங்காமல் எழுதினார்.

அதைத் தாங்கள் கண்டுபிடித்த விதத்தை இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன். நானூறு பேர் தாள்களுக்கு நடுவே, அழுத்தம், நாடித்துடிப்பு, எடை மூன்றும் அட்சரம் பிசகாமல் அடுத்தடுத்து வந்த ஒரே ஆளைப் பிடித்துவிட்டீர்களே! எங்கள் அச்சகத்தில் இப்படி ஒரு கண் கிடையாது. என்னுடையதையும் சேர்த்தே சொல்கிறேன். பரிகாரமாக, ஒரே ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எடுத்த பன்னிரண்டு அளவுகளை நோட்டில் எழுதி, தங்களிடம் நேரில் வந்து நீட்டினேன். “ஒரே ஆளைப் பன்னிரண்டு தடவை அளந்தா பன்னிரண்டு பேர் ஆயிடுவாங்களா சார்?” என்றீர்கள். “ஐயோ, இந்த ஒருத்தரையே சமாளிக்க முடியலம்மா” என்றாள் உடன் வந்த என் மனைவி. ஒருவருடைய அளவுகள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல, ஒன்றின் சாடை மற்றொன்றில் இருக்கும், அந்தச் சாடையையும் கணக்கில் சேர்த்தே மருந்தை எடைபோட வேண்டும் என்று விளக்கினீர்கள். கணக்கு இவ்வளவு மனிதரை அறியும் என்று எனக்கு ஐம்பது வயதுவரை தெரியாது. “ஒண்ணு ரெண்டு விட்டுப்போனா என் கணக்கு தாங்கிக்கும் சார். பொய்யைத் தாங்காது. ஏன் விட்டுப்போச்சுன்னு மட்டும் எழுதிக் குடுங்க. மருந்து ஒத்துக்காம வரலைன்னா அது வேற கதை” என்றீர்கள். காரணம் லிஃப்ட், மருந்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆகவே அந்தக் கட்டத்தைக் காலியாக்கி, செவிலியரைக் காப்பாற்றுங்கள்.

தங்கள் கண்ணும் கணக்கும் நீடூழி விளங்க வேண்டும்,
பங்கேற்பாளர் 41

பி.கு.: உறையிலிடுமுன் மனைவி வாசித்தாள். “ஏங்க, உங்க ஆபீஸுக்கு மாடியே கிடையாதே. அங்க ஏதுங்க லிஃப்ட்?” என்றாள். உண்மை இதுதான்: அன்று மாத்திரை போட்டதும் தலைசுற்றி, மருத்துவமனைக்கு இரண்டு தெரு முன்னால் ஒரு கடைப்படியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் சோதனையிலிருந்து நீக்கிவிடுவீர்களோ என்று பயம். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வந்து, செவிலியர் முன்னிலையில், காரணம் ‘தலைசுற்றல்’ என்று என் கைப்பட எழுதித் தருவேன்.