எம்.சி. மொளகாவின் முதல் கச்சேரி

எனக்குப் பாட வராது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்த இந்த விஷயம், எனக்கு மட்டும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அப்போது நான் ராமநாதபுரத்தில் ஒரு மிளகாய் மண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி நாலைந்து மாதம் இருக்கும். மூட்டை தூக்குபவர்கள் சிரிப்பதைக்கூடப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பேன். (மண்டி முதலாளி என்னை அடிக்கடி வெளிவேலைக்கு அனுப்பியதன் காரணம் இப்போதுதான் புரிகிறது.)

என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி செய்யது, புதுமடத்துக்காரன், துபாயிலிருந்து ஒரு லேப்டாப்போடு வந்து இறங்கினான்.

"மாப்ள, இப்ப எவன்டா பாடுறான்? நீ சும்மா கத்து. மிச்சத்த இது பாத்துக்கிரும்" என்றான்.

கத்தினேன். அவன் ரெண்டு நாள் அந்த லேப்டாப்பில் எதையோ தட்டிக்கொண்டிருந்துவிட்டு, என் காதில் ஹெட்போனை மாட்டினான். அடேயப்பா! குரலா அது, தேன்!

"ஏலே, இது யாருடா?"

"நீதான்டா."

நான் அதை அப்படியே நம்பினேன் பாருங்கள், அங்கேதான் புத்தி கெட்டுப்போனது.

அதற்குப் பிறகு நட்சத்திரம் தயாராகும் வேலை மளமளவென்று நடந்தது. பெயர் எம்.சி. மொளகா. தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம், கறுப்புக் கண்ணாடி, ராமநாதபுரத்து வெயிலுக்கு முழங்கால் வரை தொங்கும் சிவப்பு ஜாக்கெட். என் மனைவி செல்வி ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதப் போட்டுக்கிட்டு மண்டிப் பக்கம் போயிராதீக. மொளகான்னு ஏலத்துல தூக்கிட்டுப் போயிருவாக."

வீடியோவுக்குத் தங்கம் வேண்டும் என்றான் செய்யது. "தங்கத்தையே தூக்கி வீசுறான்னா எம்புட்டுப் பெரிய ஆளுன்னு ஜனம் நெனைக்கும்ல!" குளியல் சோப்புகளை வாங்கி, ஜிகினாத் தாளில் சுற்றி, தங்கக்கட்டிகளாக்கினோம். தூரத்தில் பார்த்தால் அசல் பிஸ்கட்டேதான்.

புதுமடம் கரையிலிருந்து ஒரு பைபர் படகில் போனோம். லேப்டாப்பில் பாட்டு ஓட, செய்யது செல்போனில் படம் பிடிக்க, நான் வாயசைத்துக்கொண்டே தங்கத்தைக் கைநிறைய அள்ளிக் கடலில் வீச வேண்டும்.

"வீசுறதுக்கு முன்னாடி அங்கிட்டும் இங்கிட்டும் ஒரு பார்வை பாரு மாப்ள. கெத்தா இருக்கும்" என்று டைரக்‌ஷன் வேறு.

இந்தக் கடற்கரையில் ஒரு சங்கதி உண்டு. அக்கரையிலிருந்து திருட்டுத் தங்கம் கொண்டுவருகிறவர்கள், ரோந்துப் படகு துரத்தினால் சரக்கைக் கடலில் போட்டுவிட்டுத் தப்பிப்பார்கள். பிறகு ஆள் விட்டு மூழ்கி எடுப்பார்கள். இது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மிளகாய்க்காட்டில் பிறந்த எனக்கு உறைக்கவில்லை என்றால் போகட்டும், புதுமடத்திலேயே பிறந்து வளர்ந்த செய்யதுக்கும் கலைவெறியில் மறந்துபோனதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கரையில் கூட்டம் சேர்ந்தது. ரசிகர்கள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையை ஆட்டினேன். நாலு பேர் தண்ணீரில் குதித்தார்கள். செல்பி எடுக்க இவ்வளவு ஆர்வமா என்று உருகிப்போனேன். பின்னாலேயே ஒரு படகு வந்தது.

"கையத் தூக்கு!" என்றது மைக்.

ஆட்டிக்கொண்டிருந்த கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி ஆட்டினேன். போலீஸ் படகு என்று தெரிந்ததும் செய்யது அலறி எழுந்ததில் லேப்டாப் கடலுக்குள் போனது.

ஸ்டேஷனில், சப் இன்ஸ்பெக்டர் அம்மாவின் மேஜை மேல் மூழ்கி எடுத்த சோப்புகள் ஜிகினா உரிந்து கிடந்தன.

"இதை எதுக்குக் கடல்ல போட்டீங்க?"

"பாட்டுக்கு மேடம்."

"சோப்ப வீசி எல்லாரையும் இங்கன வேடிக்கை பாக்க வச்சிட்டு, அசல் சரக்க எங்கன இறக்குனீங்க?"

எனக்கு உயிரே போய்விட்டது. கல்யாணப் புடவை மடிப்புக்கூடக் கலையாத பெண்டாட்டி வீட்டில் இருக்கிறாள், நான் கடத்தல்காரனாக உள்ளே போகப் போகிறேன். செய்யது செல்போனில் பாட்டைப் போட்டுக் காட்டினான்.

'அக்கரையில அள்ளி வந்தேன், அலையில வீசிப் போறேன், தங்கம், அத்தனையும் தங்கம்!'

(வாக்குமூலத்தை மெட்டுப் போட்டு நாங்களே கொடுத்திருக்கிறோம்.)

அந்தம்மா தலையாட்டிக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. பாடுனது நீதானே? எங்க, பாடு."

பாடினேன். லேப்டாப் இல்லாமல் என் குரலை நானே முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். ஐயோ! இதுவா நான்? தகரத்தை ரோட்டில் இழுத்த மாதிரி இருந்தது. எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா பேனாவை மூடிவிட்டார்.

"இது அந்தக் குரலே இல்ல. அசல் பாடகன் எங்க? அவன எங்கன இறக்கி விட்டீங்க?"

சரக்கோடு சேர்த்து இப்போது ஆளையும் காணோம்!

"கம்ப்யூட்டர்ல சரி பண்ணுனது மேடம்" என்று அழுதான் செய்யது.

"சரி பண்றதுக்கும் ஒரு அளவு இல்லையாய்யா?"

மறுபடி பாடச் சொன்னார்கள். நான் பாடிக்கொண்டிருக்கும்போதே தகவல் கேட்டு ஓடிவந்த செல்வி, வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"அது எங்க வீட்டுக்காரருதான் மேடம்! குளிக்கப் போனா இதே சத்தந்தான். மோட்டார் ரிப்பேரான்னு பக்கத்து வீட்ல கேக்குறாக."

"அப்ப இந்தப் பாட்டுல பாடுறது?"

"அதுவும் இவுகதான். 'தங்கம்'னு வர்ற எடத்துல மூக்கால ஒரு இழுவை வரும் பாருங்க. கொரலத்தான் மாத்திருக்காக, மூக்க மாத்தல."

போட்டுப் பார்த்தார்கள். வந்தது. என்னைப் பாடச் சொன்னார்கள். அதே மூக்கு, அதே இழுவை. ஸ்டேஷனே சிரித்தது. அனுமதி இல்லாமல் கடலில் படம் பிடிக்க மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். மானம் போனாலும் பரவாயில்லை, வீட்டுக்குப் போகிறோமே என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி பிறகு வந்தது. பாட்டை நிறுத்தும் பதற்றத்தில் செய்யது எதையோ அழுத்தியதில், அவன் செல்போன் நான் ஸ்டேஷனில் பாடியதை முழுக்கப் பதிவு செய்திருக்கிறது. பாவி அந்தப் பாட்டோடு இதையும் இணையத்தில் ஏற்றிவிட்டான். தேன்குரல் பாட்டைச் சீண்ட ஆளில்லை. தகரக்குரல் பாட்டு வளைகுடா நாடுகள் வரைக்கும் போய்விட்டது. உப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் பாடக் கூப்பிட்டார்கள். நல்ல குரலை ஓடவிட்டு வாயசைத்தேன். "அண்ணே, இது வேணாம், ஸ்டேஷன் பாட்டு!" என்று கூச்சல். இப்போது பையன்கள் வேனில் போகும்போது, நான் எங்கெங்கே சுருதி விட்டேனோ அங்கங்கே தவறாமல் விட்டு, மூக்கால் இழுத்துப் பாடுகிறார்கள். நன்றாகப் பாடத் தெரிந்த பிள்ளைகளும் அப்படித்தான் பாடுகின்றன. கேட்டால், அதுதான் ஸ்டைலாம்!

வீட்டில் வேறு கதை. நான் கதவைத் தட்டி "நான்தான்" என்றால் செல்வி திறக்க மாட்டாள். "நீங்கதான்னு எப்படி நம்புறது? பாடுங்க" என்பாள். தெருவே பார்க்க ரெண்டு வரி பாடினால்தான் தாழ்ப்பாள் விலகும்.

போன வாரம் எனக்குக் கடுமையான சளி, தொண்டை கட்டி, மூக்கும் அடைத்திருந்தது. வாசலில் நின்று பாடினேன்.

"யாருங்க அது?" என்றாள் செல்வி. "அவுக இன்னும் வரல. அவுக இம்புட்டு நல்லாப் பாட மாட்டாகளே!"