புழு இல்லாத புனித ஓடை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் ஓடை வளைவின் கரையில் செருப்பு விட இடமில்லை. மூட்டுவலி வந்திருந்தது, தேர்வில் தோற்றது வந்திருந்தது, தூக்கம் வராதது கொட்டாவி விட்டுக்கொண்டே வந்திருந்தது. ஏழு வாரம், வாரத்துக்கு ஒரு முழுக்கு, முழுக்குக்குக் காசு கொடுத்து ஒரு சீட்டு. தீராத வியாதியே கிடையாதாம். சொன்னவர் தெளிவானந்தர். எங்கிருந்து வந்தார், அதற்கு முன் என்ன வேலை பார்த்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாடி இருந்தது, போதாதா?

சுவாமிகள் கரையோரத்துக் குடிலிலிருந்து இறங்கி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். ஊரையே முழுகச் சொன்னவர் தன் உள்ளங்காலைக்கூட நனைப்பதில்லை. இதையும் யாரும் கேட்கவில்லை. அவர் குனிந்து ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடிப்பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"ஒரு புழு உண்டா?"

"இல்ல சாமி!"

"ஒரு பூச்சி உண்டா?"

"இல்லவே இல்ல சாமி!"

"இதைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் உண்டா?"

கண் எரிகிறது என்றார் ஒருவர். உள்ளே இருக்கும் கெட்டது கண் வழியாக வெளியேறுகிறது என்றார் சுவாமிகள். என்னவோ நெடி அடிக்கிறதே என்றார் இன்னொருவர். அது தெய்வ மணமாம், பழகாத மூக்குக்கு அப்படித்தான் இருக்குமாம். போன வாரம் பத்துப் பன்னிரண்டு மீன்கள் மல்லாந்து மிதந்து வந்தபோது, அவற்றுக்கு மோட்சம் கிடைத்துவிட்டதாக அறிவித்தார். மீன்களின் கருத்தைக் கேட்க வழியில்லை.

வரிசையில் ஒரு தையல்காரியும் நின்றாள். சாயம் போகுமா, சுருங்குமா என்று நனைத்துப் பார்க்காமல் ஒரு முழத் துணியைக்கூட வெட்டாதவள். கையைப் பிடித்தபடி ஏழு வயது மகள். எழுத்து எங்கே தெரிந்தாலும் விடாமல் உரக்கப் படிக்கிற பிள்ளை. பிள்ளைக்குத் தோலில் அரிப்பு. டாக்டர் கொடுத்த களிம்பில் அது அடங்கிக்கொண்டுதான் இருந்தது. களிம்பு அருளைத் தடுக்கிறது என்றார் சுவாமிகள், அம்மா நிறுத்திவிட்டாள். ஐந்து முழுக்கு முடிந்தது. இப்போது முழங்கை மடிப்பில் ரத்தம் கசிகிறது.

"அக்கா, அவள இறக்காத!"

ஓடிவந்தவள் தையல்காரியின் தங்கை. தண்ணீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் வேலை. இந்த ஓடையில் மனிதர்கள் குளிக்கலாமா, மீன்கள் வாழலாமா என்று நாலு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பாள். கையில் வலை, வெள்ளைத் தட்டு, பனிக்கட்டிப் பெட்டிக்குள் பாட்டில்கள். கல்லைக் கல்லாகப் புரட்டி எண்ணுவதால் அவளுக்குப் பூச்சிக்காரி என்றே பெயர்.

"இன்னும் ரெண்டு முழுக்குதான்டி. காரியத்தக் கெடுத்துடாத," என்றாள் அக்கா.

"போன தடவ இதே வளைவுல பதினோரு வகைப் பூச்சி எண்ணினேன். இன்னிக்கு அந்த ஓரத்துல கல்லப் புரட்டிப் பாத்தா ஒண்ணுகூட இல்ல. எனக்குப் பயமா இருக்குக்கா."

"பூச்சி இல்லன்னா பயமா? உலகத்துல எல்லாரும் பூச்சி இருந்தாத்தான்டி பயப்படுவாங்க!"

கூட்டம் சிரித்தது. சுவாமிகளும் பெருந்தன்மையாகப் புன்னகைத்தார். "புழுவைத் தேடுகிறவளுக்குப் புனிதம் புரியாது மகளே."

"சரி சாமி, ஒரே ஒரு சந்தேகம். உங்க குடிலுக்கு மேல நாப்பது அடி தள்ளி ஓடுறதும் இதே தண்ணிதானே?"

"இதேதான். எங்கும் ஒன்றே, எல்லாம் ஒன்றே," என்றார் அவர். தத்துவம் பேசுகிறவர்களுக்கு இதுதான் கஷ்டம், வாய் முந்திக்கொள்ளும்.

பூச்சிக்காரி மேல்பக்கம் நடந்தாள். காசில்லாத வேடிக்கை என்பதால் கூட்டமும் கூடவே நடந்தது. அவள் ஒரு கல்லைப் புரட்டினாள். மூன்று வால் கொண்ட பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மணல் துகள்களை ஒட்டவைத்துக் கூடு கட்டிக்கொண்ட ஒரு புழு தலையை நீட்டிப் பார்த்தது. சின்ன மீனொன்று துள்ளி ஓடியது.

"அய்யே!" என்றது கூட்டம்.

"இதுங்க சரியான நோஞ்சானுங்க. தண்ணி கொஞ்சம் கெட்டாலும் மொதல்ல சாகிறது இதுங்கதான். இதுங்க உசிரோட இருந்தா தண்ணிக்கும் உசிரு இருக்குன்னு அர்த்தம். மனுஷன் குளிக்கலாமான்னு தெரியணும்னா கிருமி வேற பாக்கணும், அதுக்கு ஒரு நாள் ஆகும். ஆனா இதச் சொல்லுங்க. இங்கேயிருந்து சாமி காலடிக்குத் தண்ணி போக ஒரு நிமிஷம் ஆகுமா? அதுக்குள்ள இத்தன பூச்சியும் எங்க போச்சு?"

"மோட்சத்துக்கு!" என்று யாரோ கத்தினார்கள். குரலில் பக்தி கொஞ்சம் குறைந்திருந்தது.

அவள் மூன்று கண்ணாடிக் குழாய்களை எடுத்தாள். ஒன்றில் மேல்பக்கத்துத் தண்ணீர், ஒன்றில் அவள் குடிக்கக் கொண்டுவந்த வீட்டுக் குழாய்த் தண்ணீர், ஒன்றில் புனிதத் தண்ணீர். மூன்றிலும் ஒவ்வொரு மாத்திரை போட்டாள். முதலாவது அப்படியே இருந்தது. இரண்டாவது லேசாகச் சிவந்தது. மூன்றாவது அடர்ந்த ரோஜா நிறமாகிவிட்டது.

"பிளீச்சிங் பவுடர் இருந்தா இந்த மாத்திர செவக்கும். குழாய்த் தண்ணில கிருமிக்காகக் கொஞ்சம் கலப்பாங்க. ஓடையில யாரு கலந்தா?"

"கண்கட்டு வித்தை!" என்று சீறினார் சுவாமிகள்.

அக்காவுக்குச் சாயத்தில் யாரும் காது குத்த முடியாது. "குடுடி, நானே பாக்குறேன்," என்று குழாயைக் கழுவினாள். வளைவில் தன் கையாலேயே மொண்டாள், தன் கையாலேயே மாத்திரை போட்டாள். அதே ரோஜா நிறம். மகளைக் கூட்டிக்கொண்டு நேராகக் குடிலுக்குப் போனாள்.

"அங்கே நுழையக் கூடாது! நான் தவம் செய்யும் இடம்!"

"விலகுங்க சாமி. ஏழு வாரத்துக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கியிருக்கேன்."

திரையை இழுத்தாள். உள்ளே ஒரு நீல டிரம். அதிலிருந்து ஒரு குழாய், கரைக்கு அடியில் இறங்கி, வெள்ளையாக ஓடையில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆறு மூட்டைகள். மூட்டையில் எழுத்து இருந்ததால் பிள்ளை சும்மா இருக்குமா?

"க...ழி...வறை, தரை சுத்தம் செய்ய. கண்...ணில் படக் கூடாது. தோ...லில் படக் கூடாது. அம்மா, தோலில் படக் கூடாதாம்மா!"

அக்காவின் முகம் வெளிறியது. ஐந்து வாரமும் பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று அழுதபோது தலையைப் பிடித்து அமுக்கியது அவள் கைதான். "ஒரு ஜாக்கெட் துணிய நனைச்சுப் பாக்காம வெட்ட மாட்டேன்," என்றாள் மெல்ல. "எம் பொண்ண நனைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கலியே நான்!" அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "சாமி, பூட்ஸக் கழட்டுங்க. ஏழு முழுக்கு. நாங்க எண்ணுறோம்."

"எனக்கு ஜலதோஷம்," என்றார் தெளிவானந்தர்.

"அதுவும் தீருமே சாமி!" என்றது மூட்டுவலி.

அவர் ஓடினார். ஒரு பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டும் ஓடினார். பின்னாலேயே துரத்திய மூட்டுவலி அன்று ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள், ஏதோ ஒரு வியாதியாவது தீர்ந்தது என்று ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் முடிவு வந்தது. மேல்பக்கத்தில் கிருமி குறைவு, குளிக்கலாம். வளைவில் இப்போதைக்கு வேண்டாம். பூச்சிக்காரி பலகை நட்டாள். களிம்பு திரும்பி வந்தது, ஒரு மாதத்தில் பிள்ளையின் கை ஆறியது. ஒவ்வொன்றாகப் பூச்சிகளும் வளைவுக்கு இறங்கி வந்தன, பின்னாலேயே மீன்களும்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஆட்களை உங்களுக்குத் தெரியாதா? பூச்சிகள் திரும்பிய மறு ஞாயிறே ஒருவர் வளைவில் கல்லைப் புரட்டி, "மூன்று வால் பூச்சியைத் தொட்டால் முப்பது தோஷம் போகும்," என்று ஆரம்பித்தார். பத்துப் பேர் வரிசையில் நின்றேவிட்டார்கள்.

அக்கா சேற்றிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒற்றை பூட்ஸோடு வந்தாள். வரிசை கலைந்தது.

கல்லுக்கு அடியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் பூச்சிக்காரி இருக்கிறாள். ஐயா, அம்மா, உங்கள் தலைக்குள் இருக்கும் கல்லை நீங்கள்தான் புரட்ட வேண்டும். அடியில் ஏதாவது நெளிந்தால் பயப்படாதீர்கள், நல்ல அறிகுறிதான்.