வங்கி உத்தரவைக் கத்தரித்த வாக்குமூலம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

இங்கு நானும் என் வீட்டுக்காரியும் மகனும் சுகம். உங்கள் மகளும் சுகம்தான், தொண்டை நீங்கலாக. அங்கு நீங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை. ஆகவே முதலில் உட்கார்ந்துகொள்ளவும். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருந்தால் நல்லது.

நீங்கள் பதிவுத் தபாலில் அனுப்பிய கவர் திங்கட்கிழமை கைக்கு வந்து சேர்ந்தது, பிரித்துப் படித்துவிட்டு என் மேஜை டிராயரில் வைத்தேன். உங்கள் மகளுக்கு வங்கியில் வேலை கிடைத்த உத்தரவு, நீங்கள் எத்தனை வாசல் ஏறி இறங்கி வாங்கியது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், நேரே கொடுத்தால் வாதாடுவாள், நீங்களே பக்குவமாகச் சொல்லி அந்தப் பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விடவைத்து இதைக் கையில் கொடுங்கள் என்று துண்டுச் சீட்டும் வைத்திருந்தீர்கள். பிள்ளைகளோடு நொண்டியடிக்கவா எம்.ஏ. படிக்க வைத்தேன் என்று நீங்கள் போனில் கேட்டபோது உங்கள் கட்சியில் நின்றவன் நான். ஒரு மாதத்தில் அவளை வழிக்குக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவனும் நானே. காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டில் நாற்காலிக்கு மேலே ஒரு அட்டை, கீழே ஒரு அட்டை, கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை, எல்லாம் இங்கிலீஷ். ஆங்கில இலக்கணத்தை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கிறாளாம், விளையாட்டுகளை முதலில் எங்களிடம் ஒத்திகை பார்ப்பாள். நேற்று என்றால் பின்னால் ஒரு தாவல், நாளை என்றால் முன்னால் ஒரு தாவல், வினைச்சொல்லையும் அதற்கேற்ப மாற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரி முட்டிவலியை மறந்து நாளைக்குத் தாவிவிட்டாள். நான் நேற்றிலேயே நின்றுகொண்டிருந்தேன். என் மகன் இதில் நடுநிலை, அதாவது சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவான்.

இப்படி இருக்கையில் செவ்வாய்க்கிழமை உங்கள் மகளுக்குக் குரல் போயிற்று. கட்டிக்கொண்டது இல்லை, அடியோடு போயிற்று. பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் அப்புறம் என்னிடம் வராதே என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமையோ, பள்ளிக்கூட நிர்வாகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து அவளுடைய மூன்றாம் வகுப்பைப் பார்வையிடுவதாக ஏற்பாடு. இரண்டு வருஷமாகத் தற்காலிகம், அவர் தலையசைத்தால் வேலை நிரந்தரம், உதட்டைப் பிதுக்கினால் விளையாட்டு எல்லாம் மூட்டை கட்டப்பட்டு, பழையபடி கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுது என்று தலைமையாசிரியை முன்னாலேயே சொல்லியிருக்கிறார். தேதியை மாற்ற முடியாது என்றும் சொல்லிவிட்டார். உங்கள் மகள் சிலேட்டில் எழுதி என் முன்னால் நீட்டினாள்: "மாமா, வியாழக்கிழமைக்கு மட்டும் உங்க குரலைக் குடுங்க."

"எனக்கு என்னம்மா இங்கிலீஷ் தெரியும்? கூப்பிடத்தான் தெரியும்" என்றேன். நான் கோர்ட்டில் டவாலியாக முப்பத்தொரு வருஷம் வாசலில் நின்று பேர் சொல்லி மும்முறை கூப்பிட்டவன் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அவள் சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதினாள்: "கூப்பிட்டாப் போதும்."

சம்பந்தி, உங்களிடம் ஒளிப்பானேன். நான் ஒத்துக்கொண்டது உதவி செய்ய இல்லை. குரல் இல்லாத வாத்தியாரும் இங்கிலீஷ் இல்லாத கிழவனும் சேர்ந்து பாடம் நடத்தினால் என்ன ஆகும், அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்குவார், வேலை போகும், அழுதுகொண்டு வீட்டுக்கு வருவாள், அந்த நேரம் பார்த்து உங்கள் உத்தரவை எடுத்து நீட்டுவது என்பது என் திட்டம். அவள் தோற்க வேண்டும் என்று நினைத்துத்தான் சரி என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

புதன்கிழமை சாயங்காலம் நாற்பத்திரண்டு சொல் அட்டைகளை என்னிடம் கொடுத்து, வரிசைப்படி அடுக்கிக் கட்டி வைக்கும்படி சைகை காட்டினாள். கட்டு என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே கட்டு. ஓரத்தில் ஊசி போட்டுத் தைத்து, முதுகில் பசை தடவி, யாரும் ஒரு தாளைக்கூட உருவ முடியாதபடி பண்ணிவிட்டேன். கோர்ட்டில் அப்படித்தான் செய்வோம், ஒரு தாள் காணாமல் போனால் ஒருவன் தலை போய்விடும். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் கழுத்தில் ஒவ்வொன்றாக மாட்ட வேண்டிய அட்டைகள் ஒரே புஸ்தகமாக இருப்பதை அவள் பார்த்தாள். அவளுக்குக் குரல் இல்லாதது அன்று எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. பிரித்து எடுத்ததில் ஒன்பது அட்டை கந்தல். அதுவும் முக்கியமான ஒன்பது, இஸ், வாஸ், டஸ், நாட் என்று. அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? கண்ணாடி எங்கே வைத்தேன் என்றும் தெரியவில்லை. மேஜை டிராயருக்குள் கையை விட்டேன், இருந்ததிலேயே கெட்டியாக ஒரு தாள் தட்டுப்பட்டது, வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது, ஒன்பதாகக் கத்தரித்தேன். அவள் எழுத எழுத நான் துளை போட்டு நூல் கோத்தேன், பஸ்ஸுக்கு ஓடினோம். டிராயரில் என்ன இருந்தது என்று உங்களுக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை.

வகுப்பில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகள். தரையில் சாக்கட்டியால் நீளமாக ஒரு கோடு. தலைமையாசிரியை ஒரு மூலை, நிர்வாகத்து அம்மாள் நோட்டும் பேனாவுமாக இன்னொரு மூலை. உங்கள் மகள் கையிலிருந்த பட்டியலில் விரல் வைத்தாள், கண்ணாடி கிடைக்காததால் அவள் எனக்காக முட்டை முட்டையாகத் தமிழில் எழுதித் தந்திருந்தாள், நான் மூச்சை இழுத்துக் கூப்பிட்டேன். த, த, த. பாய், பாய், பாய். பழக்கம், மும்முறைதான் வருகிறது. பக்கத்து வகுப்பில் ஒரு பெஞ்சு மொத்தமாக எழுந்து நின்றுவிட்டதாம். வாட்ச்மேன் யாருக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தான். ஆனால் எங்கள் பிள்ளைகள் அசரவில்லை, எந்தச் சொல்லைக் கூப்பிட்டேனோ அந்த அட்டையை மாட்டியிருந்த பிள்ளை ஓடிவந்து கோட்டில் நின்றது. பையன் ஓடிக்கொண்டிருக்கிறான் என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம், நாலு பிள்ளைகளும் கடைசியில் ஒரு குண்டுப் பயலுமாக உயிரோடு நிற்கிறது. அந்தக் குண்டன்தான் முற்றுப்புள்ளி. அவன் சப்பென்று தரையில் உட்கார்ந்தால்தான் வாக்கியம் முடிந்ததாக அர்த்தம்.

அப்புறம் உங்கள் மகள் விரலைக் கொக்கி மாதிரி வளைத்துக் காட்டினாள். இதைக் கேள்வியாக்கு என்று அர்த்தமாம். இஸ் அட்டை போட்டிருந்த சுண்டைக்காய் அளவு பெண், வரிசையிலிருந்து கழன்று, எல்லார் முன்னாலும் ஓடி, முதல் இடத்தில் போய் நின்றாள். அவ்வளவுதான். முற்றுப்புள்ளிப் பயல் எழுந்து உடம்பை வளைத்துக் கேள்விக்குறியாக நின்றான். பையன் ஓடுகிறானா என்று ஆகிவிட்டது. சம்பந்தி, இதே விஷயத்தை என் வாத்தியார் புறங்கையில் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தார், அறுபத்திரண்டு வயது வரைக்கும் எனக்கு அடி ஞாபகம் இருக்கிறதே தவிர இலக்கணம் இல்லை. அந்தப் பெண் ஓடிய ஓட்டத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். என் கண்ணில் தண்ணீர், கோர்ட்டில் எத்தனையோ பேர் அழுததைப் பார்த்துக் கல்லாக நின்றவன் நான்.

நாட் அட்டை போட்டவனை எல்லாரும் வக்கீல் என்று கூப்பிடுகிறார்கள். எந்த வாக்கியத்துக்குள்ளும் புகுந்து இல்லை இல்லை என்று ஆக்குவது அவன் வேலை. இஸ், வாஸ் இல்லாத வாக்கியத்தில் அவன் புகுந்தால் துணைக்கு டஸ் வர வேண்டுமாம். டஸ் போட வேண்டிய பிள்ளைக்கு அன்று காய்ச்சல். பிள்ளைகள் ஒரு நிமிஷம் குசுகுசுவென்று பேசிக்கொண்டன. அப்புறம் இஸ் பெண் நேராகப் போய் நிர்வாகத்து அம்மாளிடம், "மிஸ், நீங்க சும்மாதானே நிக்கிறீங்க, கொஞ்சம் குனியுங்க" என்று சொல்லி அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டது. தலைமையாசிரியைக்கு முகம் வெளிறிவிட்டது. நான் என்ன செய்வேன், பட்டியலில் டஸ் வந்தது, கூப்பிட்டேன். டஸ், டஸ், டஸ். என் குரலுக்கு ஒருமுறை நீதிபதியே ஆசனத்தை விட்டு எழுந்திருக்கிறார். அந்த அம்மாள் நோட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது.

ஓடி வந்த வேகத்தில் அட்டை புரண்டது. பின்பக்கத்தில் பாதி வட்ட முத்திரை, பக்கத்தில் கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் சர்வீஸ் என்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். உங்கள் பதிவுத் தபால் அந்த அம்மாள் கழுத்தில் தொங்குகிறது என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த சொல்லைக் கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. உங்கள் மகளுக்கும் குரல் இல்லை, எனக்கும் இல்லை, நாற்பத்திரண்டு பிள்ளைகள் எங்கள் இரண்டு பேர் வாயையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தீர்ந்தது கதை, நான் வேண்டியபடியே அவள் தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். சத்தியமாக எனக்கு அப்போது சந்தோஷம் வரவில்லை.

கேள்விக்குறியாக நின்ற குண்டன் நிமிர்ந்தான். அடுத்த சொல்லை அவனே கூப்பிட்டான், என் ராகத்தில், மும்முறை. அது வந்து நின்றது. அந்தச் சொல் அடுத்த சொல்லைக் கூப்பிட்டது. ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, தப்பாக நின்றவனைப் பிடித்து இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்தி, சண்டை போட்டு, தீர்ப்புச் சொல்லி, நேற்றுக்குத் தாவி, நாளைக்குத் தாவி, முக்கால் மணி நேரம் அந்த வகுப்பு தன்னாலேயே நடந்தது. உங்கள் மகள் மூலையில் பெஞ்சில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. ஒருத்தி ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்கு எத்தனை வேலை செய்திருக்க வேண்டும் என்று நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது. நீங்கள் பெற்ற பிள்ளை ஐயா அது. நீங்கள் ஒருமுறை பார்க்கவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மணி அடித்ததும் அந்த அம்மாள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, "திங்கட்கிழமை வந்து நிரந்தர ஆர்டர் வாங்கிக்கோங்க" என்றார். அட்டையைக் கழற்ற மறந்துவிட்டார், அதோடு தலைமையாசிரியை அறைக்குப் போய்க் காப்பி குடித்தார்.

வீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்து பார்த்தேன். உங்கள் கவர் மட்டும் இருந்தது, உள்ளே காலி. ஆகவே சம்பந்தி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் உத்தரவை வெட்டியவன் நான். உங்கள் மகளுக்கு இப்படி ஒரு காகிதம் வந்ததே தெரியாது, அவள் மேல் கோபிக்க வேண்டாம். வேறு பிரதி கேட்டு வங்கிக்கு எழுதுவீர்களோ, என்னைத் திட்டி எழுதுவீர்களோ, உங்கள் இஷ்டம். ஆனால் இனி உங்கள் கட்சியில் என்னால் நிற்க முடியாது.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் அன்பு. தங்கள் உடம்பும் மனசும் எந்தக் குறையும் இல்லாமல், முக்கியமாக ரத்த அழுத்தம் ஏறாமல், நீடூழி இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதில் மன்னிப்புக் கேட்ட பகுதி முழுவதும் ரத்து. கடிதத்தை மடிக்கும்போது என் வீட்டுக்காரி, "என்ன இவ்வளவு நீளமா எழுதறீங்க, சொத்தைப் பிரிக்கிறீங்களா?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். "அந்த பேங்க் காகிதமா? அதை அன்னிக்கே எடுத்து பீரோவுல வெச்சுட்டேனே. உங்க டிராயர்ல போட்டது எது உருப்பட்டிருக்கு?" என்றாள். பீரோவில் மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கிறது. நான் வெட்டியது, ஓய்வு பெற்ற அன்று நீதிபதி கையெழுத்துப் போட்டு எனக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று நாலு வருஷமாக வைத்திருந்தேன். முப்பத்தொரு வருஷச் சேவை இப்போது மூன்றாம் வகுப்பில் ஒன்பது பேர் கழுத்தில் தொங்குகிறது, அதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது, போகட்டும்.

வாக்கு என்றால் வாக்கு, உங்கள் உத்தரவை உங்கள் மகள் கையில் கொடுத்துவிட்டேன். நீங்கள் பட்ட பாட்டையும் சொன்னேன். நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். கண் கலங்கினாள். உங்களுக்குத் தானே எழுதுவதாகச் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். அப்புறம் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள், நல்ல வெள்ளை, நல்ல கெட்டி. என்னைப் பார்த்து இரண்டு விரலைத் திறந்து மூடிக் காட்டினாள். அந்த அளவுத் தாளில் ஒன்பது அட்டை வரும் என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன்.