ஓடையில் வந்த பச்சை

முப்பது வருஷ வேலையில் எத்தனையோ பேருக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். முதல் நோட்டீஸ் யாருக்கு என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த புதிது. மலாக்காவில் நான் சுகாதார இன்ஸ்பெக்டர்; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. (தலையில் தொப்பி மட்டும் நிரந்தரம்.) காஜா பேராங் ஓடையில் யாரோ அழுக்குத் தண்ணீர் விடுவதாகக் கீரை போடுகிறவர்கள் புகார் கொடுத்தார்கள். ஓடைக்கரையில் டோபிக்கடை வைத்திருந்த முத்தையா அண்ணன்தான் குற்றவாளி என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிட்டேன். சோப்பு இருக்கிறது, நுரை இருக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும்?

தன் தண்ணீர் முழுக்கக் கடைக்குப் பின்னால் வெட்டிய உறிஞ்சுகுழிக்குள்தான் இறங்குகிறது என்று அவர் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஐந்து பிள்ளைகள். குற்றம் உறுதியானால் லைசென்ஸ் போய்விடும், அடுப்பும் எரியாது. நான் மசியவில்லை. அவர் பெயருக்கு நோட்டீஸை முன்கூட்டியே எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

நிரூபிக்க ஒரு சாயப்பொடி இருந்தது. பார்க்கச் செங்கல் நிறம், தண்ணீரில் விழுந்தால் பளீரென்று பச்சை. சந்தேகப்படும் சாக்கடையில் கரைத்து ஊற்றினால், அது ஓடைக்குப் போகிறதா என்று தெரிந்துவிடும். மேலதிகாரி முன்னால் தடுமாறக் கூடாதே என்று அன்று காலை என் வீட்டுக் குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். ஒரு சிட்டிகை போதும் என்றிருந்தார்கள். நான் மூன்று கரண்டி போட்டேன்.

பத்து மணிக்கு மேலதிகாரி, முத்தையா அண்ணன், நான் மூவரும் ஓடைக்கரையில் நின்றோம். சாயப்பொடி டப்பாவின் மூடியைக்கூட நான் திறக்கவில்லை, அதற்குள் ஓடை பச்சையாக வந்தது.

"அதுக்குள்ள ஊத்திட்டியா?" என்றார் அதிகாரி.

இல்லை என்றேன். பச்சை ஓடையின் மேல்பக்கத்திலிருந்து வந்தது. மூவரும் அதைத் தேடிக் கரையோடு நடந்தோம். இரண்டு வளைவு தாண்டியதும் நான் பின்தங்க ஆரம்பித்தேன், ஏனென்றால் அது நான் தினமும் வீட்டுக்குப் போகிற வழி. எங்கள் வாடகை வீட்டுக் கழிவுநீர்க் குழாயிலிருந்துதான் ஓடைக்குள் பச்சை கொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே என் மனைவி சரோஜா (கல்யாணமாகி மூன்றே மாதம்) முழங்கை வரை பச்சையாகத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில என்னத்தங்க ஊத்தினீங்க? நாப்பது வாளி ஊத்திட்டேன், போகவே மாட்டேங்குது."

ஊர்ச் சாக்கடையெல்லாம் குனிந்து பார்த்தவன், என் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அதிகாரி பேனாவை நீட்டினார். நோட்டீஸை எடுத்து, முத்தையா பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அப்போது முத்தையா அண்ணன்தான் பேசினார். "புதுசா குடும்பம் நடத்துற பிள்ளைங்கய்யா. குழி நான் வெட்டித் தர்றேன். வேலையில மட்டும் கை வச்சிடாதீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பிள்ளைகளின் சோற்றில் கைவைக்க இருந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை அவரே மண்வெட்டியோடு வந்தார், இருவரும் சேர்ந்து குழி வெட்டினோம். ஓடை தெளிந்த பிறகு அவர் கடையிலும் சாயம் ஊற்றிப் பார்த்தோம். ஓடைக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை.

வேலை தப்பியது, மானம் தப்பவில்லை. இன்றைக்கும் நான் யாரையாவது குறை சொல்ல ஆரம்பித்தால், "மூணு கரண்டி போட்டுப் பார்த்தாச்சாப்பா?" என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். சரோஜா அதுகூடக் கேட்கமாட்டாள். கையைத் திருப்பி முழங்கையைப் பார்த்துக்கொள்வாள்.